எல்லை தாண்டி வருகிறவன் கையில் என்ன இருக்கிறது?

அர்ச்சுனனின் தேர்க்கொடியில் அனுமன் வந்து அமர்ந்ததற்கு எங்கள் கரையில் சொல்லும் காரணம் ஒன்று, வியாச பாரதம் சொல்லும் காரணம் வேறு. கரையில் சொல்வது இது: தீர்த்த யாத்திரையாகச் சேதுவுக்கு வந்த அர்ச்சுனன், ராமன் அவ்வளவு பெரிய வில்லாளியாக இருந்தும் அம்பாலேயே பாலம் போடாமல் குரங்குகளைக் கல் சுமக்க வைத்தது ஏன் என்று கேட்கிறான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அனுமன் பந்தயம் கட்டுகிறான். அம்புப் பாலம் அவன் கால் பட்டதும் நொறுங்குகிறது. பிறகு கண்ணன் வந்து சமாதானம் செய்ய, அனுமன் கொடிக்கு ஏறுகிறான். ஆனந்த ராமாயணத்தில் இருக்கும் கதை இது. வனபருவத்திலோ சந்திக்கிறவன் பீமன், இடம் இமயத்துப் பக்கத்துக் கந்தமாதனம். பூத் தேடிப் போகும் பீமனின் வழியில் கிழக்குரங்காக அனுமன் படுத்திருக்கிறான். பீமனால் அந்த வாலை அசைக்க முடியவில்லை. கொடியில் இருந்து கர்ஜிப்பேன் என்ற வாக்கை அனுமன் அங்கேதான் கொடுக்கிறான்.

ஒரு கொடிக்கு இரண்டு காரணம். இதை முரண்பாடு என்று ஒதுக்கிவிடாமல் கூர்ந்து பார்க்க வேண்டும். ஏனென்றால் இன்றைய மாயப் புனைவுத் தொடர்களைப் படிக்கிறவர்கள் இரவெல்லாம் விவாதிக்கும் கேள்வி இதுவேதான்: தனித்தனியாக எழுதப்பட்ட இரண்டு தொடர்கள் ஒரே பிரபஞ்சத்தில் நடக்கின்றனவா? நடக்கின்றன என்றால் எதை வைத்துச் சொல்கிறோம்? கீழக்கரையிலும் மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் இந்தத் தொடர்களைக் கைபேசியில் படிக்கிற, காதில் கேட்கிற தம்பி தங்கைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கதை முடிச்சுகளைப் பல இடங்களில் அவிழ்க்க வேண்டியிருக்கும். ராபின் ஹாப், பிராண்டன் சாண்டர்சன், டெர்ரி புரூக்ஸ், ஸ்டீவன் கிங் ஆகியோரை இனிமேல்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் அந்தந்தப் பத்தியைத் தாண்டிப் போங்கள்.

வனபருவத்துக் காட்சியில் நான் மிக முக்கியம் என்று நினைப்பது வால் கிடையாது, அதற்குப் பின் வரும் பேச்சு. கடலைத் தாண்டியபோது எடுத்த பேருருவைக் காட்டு என்று பீமன் கேட்கிறான். அனுமன் முதலில் மறுக்கிறான். அந்த யுகம் போய்விட்டது, காலத்துக்கு ஏற்ப நிலமும் உயிர்களும் ஆற்றலும் மாறுகின்றன என்று நான்கு யுகங்களின் இயல்பையும் எடுத்துச் சொல்கிறான். அதன் பிறகே உருவைக் காட்டுகிறான். ராமன் கதையில் மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தவன் பாண்டவர் கதையில் ஏன் சும்மா படுத்திருக்கிறான் என்ற கேள்விக்கு இங்கே கதைக்குள்ளேயே பதில் வந்துவிடுகிறது. அனுமன் தன் பெயரை மட்டும் கொண்டுவரவில்லை. தன் உலகத்தின் விதியையும், அது இங்கே எப்படி மாறிப்போனது என்ற கணக்கையும் சேர்த்தே கொண்டுவந்தான்.

எந்தக் கோட்பாட்டையும் நான் நிறுத்துப் பார்ப்பது இந்த ஒரே கேள்வியால்தான்: எல்லை தாண்டி வருகிறவர், அல்லது வருகிற பொருள், தன் விதியைக் கூடவே கொண்டுவருகிறதா? புதிய கதை அந்த விதிக்குக் கட்டுப்படுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் முடிச்சு உறுதி. பெயரும் தோற்றமும் மட்டும் வந்திருந்தால், அது பெரும்பாலும் மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சாகத்தான் முடியும்.

இதற்கு நவீனப் புனைவில் நான் கண்ட மிகச் சிறந்த சான்று ஒரு வாள். சாண்டர்சனின் 'வார்பிரேக்கர்' 2009இல் வந்தது. அதில் நைட்பிளட் என்ற பேசும் வாள் ஒன்று இருக்கிறது. 'மூச்சு' என்பது அந்த உலகத்து மாய ஆற்றல்; ஆயிரம் மூச்சுகளைச் செலுத்தி, தீமையை அழி என்ற கட்டளையோடு உயிரூட்டப்பட்ட வாள் அது. உறையிலிருந்து உருவினால் பிடித்திருப்பவரின் மூச்சுகளை உறிஞ்சும். மூச்சு தீர்ந்தால் ஆளையே தின்றுவிடும். 2014இல் வந்த 'வேர்ட்ஸ் ஆஃப் ரேடியன்ஸ்', ரோஷர் என்ற முற்றிலும் வேறு கோளில் நடக்கும் 'ஸ்டார்ம்லைட்' தொடரின் இரண்டாம் நூல். அதன் கடைசியில் ஸெத் என்ற கொலையாளியின் கையில் பேசும் கறுப்பு வாள் ஒன்று கொடுக்கப்படுகிறது. பேசும் வாள்கள் மாயக்கதைகளில் ஏராளம். ஆனால் 2017இல் வந்த அடுத்த நூலில் ஸெத் அதை உருவும்போது, அது அவனிடமிருந்த புயலொளியைக் குடிக்கத் தொடங்குகிறது. ரோஷரில் மூச்சு என்ற ஆற்றல் கிடையாது, புயலொளிதான் இருக்கிறது. பசி அப்படியே இருக்க, உணவு மட்டும் ஊருக்கு ஏற்ப மாறியிருக்கிறது. இரு உலகத்து ஆற்றல்களும் அடியில் ஒரே வகைப் பொருள் என்பதை இந்த ஒரு காட்சி காட்டிவிடுகிறது. இதற்கு மேல் எழுத்தாளர் மேடையேறிச் சொல்லத் தேவையே இல்லை.

'வேர்ட்ஸ் ஆஃப் ரேடியன்ஸ்' நூலில் ஸாஹெல் என்ற வாட்பயிற்சி ஆசான் வருகிறார். அவர் பேச்சில் நிறங்களை வைத்து விசித்திரமான உவமைகள் வந்துகொண்டே இருக்கும். 'வார்பிரேக்கர்' உலகில் மாயமே நிறங்களை உறிஞ்சித்தான் இயங்குகிறது. அந்த நூலைப் படித்தவர்கள், அதில் நைட்பிளட்டை வைத்திருந்த வாஷர்தான் ஸாஹெல் என்று பிடித்துக்கொண்டது இப்படித்தான். பழக்கவழக்கமும் பேச்சும் நல்ல சான்றுகள். பெயரை மாற்றிக்கொண்டு வருகிறவரால் அவற்றை எளிதில் மாற்ற முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்க ஹாய்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2005இல் 'எலான்ட்ரிஸ்' நூலில் பிச்சைக்காரனாக வருகிறார். 2006இல் 'மிஸ்ட்பார்ன்' முதல் நூலில் தகவல் விற்கிறவர். 'வார்பிரேக்கர்' நூலில் கதைசொல்லி. 2010இல் 'தி வே ஆஃப் கிங்ஸ்' நூலில் அரசவை விகடன். முதல் இரண்டு நூல்கள் மட்டும் கையில் இருந்த காலத்தில் இது வெறும் பெயர் ஒற்றுமைதான், எழுத்தாளர் தமக்குப் பிடித்த பெயரைத் திரும்ப வைத்திருக்கலாம். மூன்றாவது முறை வந்தபோது சந்தேகம் வலுத்தது. நான்காவது நூலின் இரண்டாம் பாகத்தில் அத்தியாயத் தலைப்புகளுக்கு மேல் துண்டு துண்டாக ஒரு கடிதம் அச்சாகியிருக்கிறது. துண்டுகளைச் சேர்த்துப் படித்தால், பல உலகங்களையும் அவற்றில் குடியேறிய தெய்வ ஆற்றல்களையும் அறிந்த ஒருவர் பழைய நண்பருக்கு எழுதியது என்று தெரிகிறது. அதற்குப் பிறகுதான் ஹாய்டின் பெயருக்குச் சான்றின் எடை வந்தது. அதனால் முதல் நூலிலேயே கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்கிறவர்களைப் பாராட்டலாம், ஆனால் அவர்கள் அன்று சொன்னது ஊகம். ஊகம் பிறகு உண்மையாகிவிட்டாலும், அன்று அது ஊகமாகத்தான் இருந்தது.

அட்டை போடும் முறை

மனத்தில் வைத்து வாதாடுவது வீண். அட்டை போட வேண்டும். மூன்றுக்கு ஐந்து அங்குல அட்டை போதும், ஒரு தடயத்துக்கு ஓர் அட்டை. எங்கள் கரையில் உப்புக்காற்றால் காகிதம் நமத்துவிடும், மை ஊறும். பென்சிலால் எழுதி, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். கைபேசியில் அட்டவணையாக வைத்தாலும் சரிதான், ஆனால் மேசையில் பரப்பி நகர்த்திப் பார்க்கும் வசதி அதில் கிடைக்காது.

அட்டையின் தலையில் நூலின் பெயர், முதல் பதிப்பு வந்த ஆண்டு, நீங்கள் படித்த பதிப்பின் ஆண்டு. அடுத்து அத்தியாய எண்ணும், நூலில் உள்ள சொற்கள் அப்படியே, மாற்றமில்லாமல். அதன் கீழே அதைச் சொல்வது யார் என்று எழுதுங்கள்: கதைசொல்லியா, ஒரு பாத்திரமா, கதைக்குள் இருக்கும் கடிதமோ பாட்டோ கல்வெட்டோ, அல்லது நூலின் பின்னிணைப்பா. பாத்திரம் பொய் சொல்லலாம், கதைக்குள் இருக்கும் பழம்பாட்டு திரிந்து போயிருக்கலாம், அதனால் இந்த வரியை விட்டுவிடவே கூடாது. அட்டையின் பின்பக்கத்தில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: இந்த வரியை நூலிலிருந்து நீக்கினால் கதையில் எது உடையும்? எதுவும் உடையாது என்றால் அந்த அட்டையைத் தனிக் கட்டில் வையுங்கள்.

அந்தத் தனிக் கட்டுக்கு நான் வைத்த பெயர் வணக்கக் கட்டு. ஓர் எழுத்தாளர் இன்னொருவருக்குப் போடும் வணக்கங்கள் அதில் சேரும். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 2005ஆம் ஆண்டு நூலில் டார் என்ற கோட்டைக்கு டிரெபார் ஜோர்டேன் என்ற பிரபு இருக்கிறார். 'வீல் ஆஃப் டைம்' தொடரை எழுதிய ராபர்ட் ஜோர்டனின் பெயரில் ராபர்ட் என்பதைப் பின்னிருந்து எழுதி, ஜோர்டனைச் சற்று வளைத்து, அவருடைய பதிப்பகத்தின் பெயரைக் கோட்டைக்கு வைத்திருக்கிறார் மார்ட்டின். அன்பான வணக்கம். ஆனால் அந்தப் பிரபுவிடம் 'வீல் ஆஃப் டைம்' உலகத்தின் விதி எதுவும் கிடையாது, அவரை நீக்கினாலும் கதை அப்படியே நிற்கும். இதை வைத்து இரு உலகங்களும் ஒன்று என்று வாதிடுகிறவர்களுக்கு அட்டையின் பின்பக்கத்தைக் காட்டினால் போதும்.

அட்டைகள் சேர்ந்ததும் இரண்டு முறை அடுக்க வேண்டும். முதலில் வெளியான ஆண்டு வரிசையில். அடுத்து கதைக்குள் நடக்கும் கால வரிசையில். பெரும்பாலான தவறுகள் இந்த இரண்டையும் குழப்புவதால் வருகின்றன. முதல் வரிசை எழுத்தாளர் எப்போது முடிவெடுத்தார் என்று காட்டும். இரண்டாவது, அந்த முடிவு கதையின் காலக்கணக்கோடு பொருந்துகிறதா என்று காட்டும். ஒருவர் பிறப்பதற்கு முன்பே வேறு தொடரில் கிழவராக வந்துவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும்.

நான் வைத்திருக்கும் அளவு இது: குறைந்தது மூன்று அட்டை வேண்டும். அவற்றில் குறைந்தது இரண்டு, பெயரையும் உருவத்தையும் சாராதவையாக இருக்க வேண்டும். குறைந்தது ஒன்று, பின்பக்கக் கேள்விக்கு 'உடையும்' என்று பதில் தர வேண்டும். இதற்குக் குறைந்தால் கோட்பாடு என்று சொல்லாமல் 'கவனித்தது' என்று மட்டும் சொல்லுங்கள்.

மின்னூலில் தேடும்போது பெயரை மட்டும் தட்டாதீர்கள். உடம்பில் உள்ள அடையாளத்தைத் தேடுங்கள்: தழும்பு, கையுறை, விரல், கண் நிறம், பழக்கமான சொலவடை. ராபின் ஹாப் இதற்கு நல்ல பாடம். அவருடைய 'ஃபார்சியர்' மூன்று நூல்கள் 1995 முதல் 1997 வரை வந்தன. அடுத்து 1998 முதல் 2000 வரை 'லிவ்ஷிப்' மூன்று நூல்கள், வேறு ஊர், வேறு மனிதர்கள், பேசும் கப்பல்கள். முதல் தொடரில் விதூஷகன் என்ற பாத்திரத்தின் விரல்நுனிகளில் மாய வெள்ளி ஒட்டிக்கொள்கிறது. இரண்டாம் தொடரில் ஆம்பர் என்ற மரச்சிற்பக்காரி எப்போதும் கையுறையோடு இருக்கிறாள், எதிர்காலத்தைப் பற்றிப் புதிராகப் பேசுகிறாள், பாரகன் என்ற கப்பலின் முகப்புச் சிற்பத்துக்குப் புதிதாகச் செதுக்கும் முகம் முதல் தொடரின் நாயகன் ஃபிட்ஸின் முகத்தைப் போலவே அமைகிறது. பெயரைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. கையுறையைத் தேடினால் எல்லாம் கிடைக்கும். காயம் எல்லை தாண்டி வந்திருக்கிறது, காயத்தால் வந்த பழக்கமும் வந்திருக்கிறது. மூன்று அட்டையும் பெயர் சாராதவை. விதூஷகன்தான் ஆம்பர் என்பதை மூன்றாம் தொடரில் ஹாப் வெளிப்படையாகவே உறுதிசெய்தார். கோட்பாடு எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இதைத்தான்.

எந்த உறவு என்று பிரிக்காமல் வாதிட்டால்

'ஒரே பிரபஞ்சம்' என்று எல்லோரும் ஒரே சொல்லால் சொல்கிறார்கள், ஆனால் அதற்குள் பல உறவுகள் கலந்து கிடக்கின்றன. ஹாப்பின் தொடர்கள் ஒரே நிலப்பரப்பின் வெவ்வேறு மூலைகள், கப்பலில் போய்ச் சேரலாம். சாண்டர்சனின் பல தொடர்கள் சேரும் 'காஸ்மியர்' என்ற பிரபஞ்சம் பல கோள்கள், ஆனால் ஒரே வான்வெளி. ஸ்டீவன் கிங்கின் 'டார்க் டவர்' தொடர் அடுத்தடுத்து நிற்கும், ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும் பல உலகங்கள். 1997இல் வந்த அதன் நான்காம் நூலில் பயணிகள் கொள்ளைநோயால் காலியான டொபீகா நகருக்குள் நுழைகிறார்கள். அந்த நோய் 1978இல் வந்த 'தி ஸ்டாண்ட்' நாவலின் நோய். அதே உலகம்தான் என்று தோன்றும். ஆனால் அங்கே டக்குரோ ஸ்பிரிட் என்ற கார் ஓடியிருக்கிறது, நாஸ்-ஏ-லா என்ற குளிர்பானம் விற்றிருக்கிறது. பயணிகளின் சொந்த ஊரில் அப்படி ஒன்றும் கிடையாது. சிறு பொருள்களை வைத்தே 'பக்கத்து உலகம்' என்று கிங் காட்டிவிடுகிறார். எங்கள் கரைக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும்: வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் பிரித்துச் சொல்கிறோம், அலையும் குணமும் வேறு, ஆனால் பாம்பன் கால்வாய் வழியாகத் தண்ணீர் போய்வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆகவே உலகங்கள் வேறு, தொடர்பு உண்டு என்று சொல்கிறவரிடம் கேட்க வேண்டியது: கால்வாய் எங்கே? போய்வரும் வழியை நூல் சொல்ல வேண்டும், அந்த வழிக்கு ஒரு விலையும் இருக்க வேண்டும். காஸ்மியரில் வழி இருக்கிறது. எண்ணங்களால் ஆன இன்னொரு தளம் அது. கோள்களுக்கு நடுவிலுள்ள வெற்றுவெளியை நினைக்க யாரும் இல்லாததால் அங்கே தூரம் சுருங்கிவிடுகிறது, நடந்தே போகலாம். ஆனால் அந்தத் தளத்துக்குள் இறங்கவும் ஏறவும் குறிப்பிட்ட சில இடங்கள்தான் உண்டு. வழியும் தடையும் சேர்ந்து இருப்பதால் யார் எங்கே தோன்ற முடியும், முடியாது என்று முன்கூட்டியே கணிக்க முடிகிறது.

பழைய இலக்கியத்திலும் இந்த உறவுகளைப் பிரித்துப் பார்க்கலாம். சிலப்பதிகாரமும் மணிமேகலையும் இரு புலவர்கள் எழுதிய ஒரே உலகம். கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகள் இரண்டாவது நூலின் நாயகி. வஞ்சிக்குப் போகும் மணிமேகலை அங்கே கண்ணகியின் படிமத்தை வணங்குகிறாள். முதல் நூலின் முடிவு இரண்டாம் நூலில் கல்லாக நிற்கிறது. பாரதத்தின் வனபருவத்தில் மார்க்கண்டேயர் தருமனுக்கு ராமன் கதையை முழுதாகச் சொல்லும் பகுதியும் இருக்கிறது. இதைச் சான்றாகக் காட்டும்போது எச்சரிக்கை வேண்டும்: ஒரு கதைக்குள் இன்னொரு கதை சொல்லப்படுவதால் மட்டும் இரண்டும் ஒரே உலகம் ஆகிவிடாது. அங்கே அதை உறுதியாக்குவது மார்க்கண்டேயரின் சொல்லைவிட அனுமனின் வால்தான். பாகவதத்தில் ஜாம்பவான் சியமந்தக மணிக்காகக் கண்ணனோடு 28 நாள் மோதுவதும் அதே வகைச் சான்று. தன் தலைவன் ராமனே இவன் என்று அறிந்துகொள்வதில் அந்தச் சண்டை முடிகிறது. பழைய பக்தி வந்து புதிய சண்டையின் முடிவை மாற்றுகிறது. சபாபருவத்தில் சகாதேவன் தூதனுப்ப விபீடணன் திறை கொடுப்பது, அதனோடு ஒப்பிட்டால் மெல்லிய சான்று. கொடுப்பவர் வேறொரு தீவரசராக இருந்தாலும் அந்தக் கதை மாறாது.

வரலாற்று நாவல்களில் இந்த விளையாட்டை விளையாடாதீர்கள். கல்கியின் 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்' இரண்டிலும் மாமல்லர் வருகிறார். அவை ஒரே கதையுலகம் என்பதற்குப் பரஞ்சோதி சிறுத்தொண்டராகும் கோடு போன்றவற்றைத்தான் காட்ட வேண்டும். மன்னரின் பெயர் வரலாறு இரண்டு நாவலுக்கும் பொதுவாகக் கொடுத்தது, யார் எழுதினாலும் வந்திருக்கும்.

ஏமாற்றும் சான்றுகள்

முதல் ஏமாற்று, இடப்பெயர். பீமன் அனுமனைச் சந்தித்தது கந்தமாதனத்தில். ராமேஸ்வரத்தில் ராமர் பாதம் இருக்கும் மேட்டுக்கும் கந்தமாதன பர்வதம் என்றே பெயர். இரண்டையும் ஒன்றாக்கி, பீமன் இங்கேதான் வந்தான் என்று சொல்லிவிடலாம். ஆனால் வனபருவத்தின் வழித்தடம் முழுக்க வடக்கே பனிமலையில் இருக்கிறது. பெயர் பயணம் செய்யும், இடம் செய்யாது. புனிதப் பெயர்களும் பழம்பெருமைப் பெயர்களும்தான் அதிகம் பயணம் செய்கின்றன, அதனால் அவற்றுக்கு மதிப்பெண்ணைக் குறைத்துப் போடுங்கள்.

அடுத்தது வரைபடத்தின் மேல் வரைபடத்தை வைத்து ஒட்டுவது. வான்மீகி யுத்த காண்டத்தில் பாலத்தின் நீளம் 100 யோசனை, அகலம் 10 யோசனை. முதல் நாள் 14, பிறகு 20, 21, 22, கடைசி நாள் 23 என்று ஐந்து நாளில் கட்டி முடிக்கிறார்கள். கூட்டினால் சரியாக நூறு வருகிறது, கணக்கு கதைக்குள் பிசகாமல் நிற்கிறது. ஒரு யோசனையைப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று வைத்தால் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் சுமார் முப்பது கிலோமீட்டர்தான். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. கதையின் அளவுகோல் கதைக்கு உள்ளே செல்லும், அவ்வளவுதான். மாயத்தொடர்களின் வரைபடங்களும் அப்படித்தான். கரையோரத்தின் வளைவு ஒத்திருக்கிறது என்று இரண்டு தொடர்களை ஒட்டுகிறவர்கள், இரண்டு நகரங்களுக்கு நடுவே குதிரையில் எத்தனை நாள் ஆகிறது என்று நூலிலிருந்து எடுத்து ஒப்பிட்டுவிட்டு வரட்டும்.

அதைவிட நம்பகமான சோதனை வானம். எத்தனை நிலா, ஆண்டுக்கு எத்தனை நாள், நாளுக்கு எத்தனை மணி. ரோஷருக்கு மூன்று நிலா, 500 நாள் ஆண்டு, 20 மணி நாள். 'மிஸ்ட்பார்ன்' நடக்கும் ஸ்காட்ரியலுக்கு நிலாவே கிடையாது. இரண்டும் ஒரே கோள் என்று யாராவது சொன்னால் விவாதம் அங்கேயே முடிந்தது. ஒரே கோள் என்று சொல்லும் எந்தக் கோட்பாட்டுக்கும் முதல் அட்டை வான அட்டையாக இருக்கட்டும். அமாவாசை பார்த்துக் கடலுக்குப் போகும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

காதில் கேட்கிறவர்களுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. 'வீல் ஆஃப் டைம்' நூல்களையும் 'ஸ்டார்ம்லைட்' நூல்களையும் ஒலிநூலாக வாசித்தவர்கள் மைக்கேல் கிராமர், கேட் ரீடிங் என்ற அதே இருவர். 'மிஸ்ட்பார்ன்' நூல்களுக்கும் கிராமரின் குரல்தான். ஒரே குரல் இரு உலகத்து ராஜாக்களுக்கும் பேசும்போது உலகங்கள் ஒட்டிப்போன உணர்வு வருவது இயல்பு. அட்டையில் எழுதுமுன் அச்சுப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். கேட்டு எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு சி. எஸ். லூயிஸே சாட்சி. நண்பர் டோல்கீன் வாசிக்கக் கேட்ட நூமெனோர் என்ற கற்பனைத் தீவின் பெயரை, 1945இல் தன் நாவலில் நூமினோர் என்று எழுதிவிட்டார். அச்சாகாத டோல்கீனின் கையெழுத்துப் படிகளிலிருந்து எடுத்தது என்று முன்னுரையில் நேர்மையாகச் சொல்லியும் இருக்கிறார். அதை வைத்து இருவரின் உலகமும் ஒன்று என்று சொல்கிறவர்கள் உண்டு. என் கணக்கில் அது வணக்கக் கட்டில்தான் சேரும்.

பதிப்பு மாற்றம் பெரிய குழி. டோல்கீனின் 'ஹாபிட்' 1937இல் வந்தபோது கோலம் என்ற பாத்திரம் தன் மோதிரத்தைப் பந்தயப் பரிசாகவே வைத்தது. அடுத்த பெருங்கதையான 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலுக்கு அது ஒத்துவராததால் 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதினார். பழைய வடிவம் நாயகன் பில்போ சொன்ன பொய் என்று பெருங்கதைக்குள்ளேயே ஒரு காரணமும் வைத்தார். என்ன அழகான வேலை! எல்ராண்ட் என்ற பாத்திரத்தை 'ஹாபிட்' நூலில் தன் பழைய புராணத்தோடு சேர்த்தது புதுப் பெயர் கண்டுபிடிக்கும் சிரமத்தால் நேர்ந்த நல்ல தற்செயல் என்று டோல்கீனே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதாவது தொடக்கத்தில் இணைப்பு திட்டமிட்டதே இல்லை, பிறகுதான் உறுதியாக்கப்பட்டது. கிங்கும் 1982இல் வந்த 'கன்ஸ்லிங்கர்' நூலை 2003இல் திருத்தி, பின்னால் எழுதிய நூல்களோடு பொருத்தினார். 'தி ஸ்டாண்ட்' முதல் பதிப்பில் கதை 1980இல் நடக்கிறது, 1990இல் வந்த முழுப் பதிப்பில் 1990இல் நடக்கிறது. இரண்டு பேர் இரண்டு பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்டுக் கணக்கில் சண்டை போட்டால் இருவருமே சரியாகத்தான் சொல்வார்கள்.

பிறகு சேர்ப்பது குறை என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டெர்ரி புரூக்ஸ் 1977இல் ஷன்னாராவைத் தொடங்கினார், 1997இல் இல்லினாய் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் நடக்கும் 'வேர்ட் அண்ட் வாய்ட்' தொடரைத் தனியாக எழுதினார், 2006இல் வந்த தொடரில் இரண்டையும் பூட்டினார். பூட்டுக்கு அவர் எடுத்த திறவுகோல் ஒரு குழந்தை. நெஸ்ட் ஃப்ரீமார்க்கின் வயிற்றில் மாய ஆற்றல் கருவாகப் புகுவதோடு பழைய தொடர் முடிகிறது. அந்த ஆற்றல் வளர்ந்து இளைஞனாகப் புதிய தொடரில் நடமாடுகிறது. விதி கூடவே வந்தது, கதையையும் மாற்றியது. முன்பே திட்டமிட்டாரா என்பது வரலாற்றுக் கேள்வி. ஒரே உலகமா என்பதற்குப் பதில், ஆம்.

சங்கிலி போட்டு இழுப்பது மிகப் பழைய பிழை. ஒரு தொலைக்காட்சித் தொடர் 1988இல் முடிந்தபோது எல்லாம் ஒரு சிறுவனின் கற்பனை என்பதுபோல் கடைசிக் காட்சி வந்தது. அந்தத் தொடரின் பாத்திரம் தலைகாட்டிய தொடர், அதிலிருந்து அடுத்த தொடர் என்று இழுத்து நூற்றுக்கணக்கான தொடர்களை அந்தச் சிறுவனின் தலைக்குள் அடைத்தார்கள். ஒவ்வொரு கண்ணியிலும் சிறிது சந்தேகம் இருந்தால், பத்துக் கண்ணி தாண்டியதும் பிடிமானமே மிஞ்சாது. இரண்டு கண்ணிக்கு மேல் போகும் கோட்பாட்டை நான் அட்டையில் ஏற்றுவதில்லை.

எழுத்தாளர் சொல்லை எங்கே வைப்பது

நூலுக்குக் கீழே, மற்ற எல்லாவற்றுக்கும் மேலே. சாண்டர்சன் வாசகர்களிடம் நிறையப் பேசுகிறார், தம் வாய்ச்சொல் நூலில் அச்சாகும்வரை மாறக்கூடியது என்றும் சொல்கிறார். ஆகவே அத்தகைய அட்டையில் தேதி இல்லாமல் இருக்கக் கூடாது. ரசிகர் கலைக்களஞ்சியங்கள் அதற்கும் கீழே. அவை ஒன்றையொன்று பார்த்து எழுதிக்கொள்வது உண்டு, அடிக்குறிப்பைப் பிடித்து மூலப் பக்கம்வரை போகாமல் அட்டை போடாதீர்கள்.

கூட்டமாக உட்கார்ந்து பேசும்போது ஒருவரை எதிர்வாதியாக வையுங்கள், அவருக்கு அந்தக் கோட்பாடு பிடித்திருந்தாலும் எதிர்த்தே பேச வேண்டும். யார் எதுவரை படித்திருக்கிறார்கள் என்று முதலிலேயே கேட்டு, மூன்று நிற அட்டையாகப் பிரித்துக்கொண்டால் முடிச்சு அவிழ்ந்து மனக்கசப்பு வராது.

உரிமை யாரிடம் என்பதையும் பார்க்க வேண்டும். ராபர்ட் ஜோர்டன் 2007இல் காலமான பிறகு 'வீல் ஆஃப் டைம்' கடைசி மூன்று நூல்களை 2009 முதல் 2013 வரை முடித்துக்கொடுத்தவர் சாண்டர்சன். அதே கை, ஆகவே அதுவும் காஸ்மியர் என்று இன்னும் கேட்கிறார்கள். அந்த உலகம் ஜோர்டனுடையது, சாண்டர்சன் அதைத் தன்னுடையதோடு சேர்க்கும் நிலையில் இல்லை. அதோடு, பூமி வரும் கதை எதுவும் காஸ்மியரில் சேராது என்பது அவர் வகுத்த எல்லை. 'வீல் ஆஃப் டைம்' முதல் நூலிலேயே நெருப்புக் கழுகின் வயிற்றில் நிலாவுக்குப் பறந்த லென் என்பவனின் கதை வருகிறது, நம் காலத்து விண்பயணம் அங்கே புராணமாகியிருக்கிறது. பூமி இருக்கிறது, ஆகவே கதவு மூடியாயிற்று.

மூடாத கதவு ஒன்று உண்டு. 2015இல் வந்த 'விட்சர் 3' கணினி ஆட்டத்தில், உலகம் விட்டு உலகம் தாவக்கூடிய சிரி, தான் கண்ட ஓர் ஊரைப் பற்றிச் சொல்கிறாள்: மக்களின் தலைக்குள் உலோகம், குதிரைகள் இல்லை, எல்லோருக்கும் பறக்கும் ஊர்தி. அதே நிறுவனம் 2020இல், மனிதர்கள் உடம்பில் இயந்திரம் பொருத்திக்கொள்ளும் எதிர்கால நகரத்தில் நடக்கும் 'சைபர்பங்க் 2077' ஆட்டத்தை வெளியிட்டது. உடனே முடிச்சுப் போட்டார்கள். சிரி தாவுவது உண்மை. மூல நாவல் வரிசையில் 1999இல் வந்த நூலிலேயே ஆர்தர் கதையின் கலஹாட்டைச் சந்திக்கிறாள். வழி இருக்கிறது. ஆனால் அந்த வழிக்குத் தடையே இல்லை. எங்கும் போகக்கூடியவள் எங்கும் போயிருக்கலாம், அதனால் அவள் போனாள் என்பது எதையும் கட்டுப்படுத்தவில்லை. இப்போதைக்கு ஒரே ஓர் அட்டை, பின்பக்கம் காலி. சிரியை நாயகியாக வைத்து அடுத்த 'விட்சர்' ஆட்டம் வருவதாக 2024 டிசம்பரில் அறிவித்திருக்கிறார்கள். அது வந்ததும் அவள் பேச்சில் அந்த ஊர் மறுபடி வருகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். அங்கிருந்து அவள் உடம்பிலோ கையிலோ ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா, அது இங்கே சரியாக இயங்க மறுக்கிறதா, அதனால் கதையில் யாருக்காவது இழப்போ லாபமோ நேர்கிறதா என்று தேடி, அத்தியாய எண்ணோடு எழுதி வையுங்கள்.